வங்கிக்கு வாடகை வசூலிக்கும் வீட்டுக்காரர்!

வாடகைக் குடியிருப்போர் உரிமை குறித்து நமது ஏட்டில் வெளிவந்த கட்டுரையைப் படித்துவிட்டு, ஃபரிதாபாத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அங்குள்ள தனியார் தொழிற்சாலையொன்றில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டுகளும் சங்கச் சந்தாவைத் தவறாது செலுத்தியவர். இன்று அவர் பெறும் ஓய்வூதியம் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு. வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் சேர்ந்து கையில் வந்த 18 லட்சம் ரூபாயைப் போட்டு, மகன் பெயரில் 22 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் எடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. "முதலில் வந்தவர் நான்கு மாத வாடகை தராமலே காலி செய்துவிட்டார். பிறகு மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. தரகருக்கு ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்க ஒரு தொகை, குழாய் ஒழுகியதற்கு ஒரு தொகை. தோழரே, நமது ஏடு வீட்டுக்காரர்களைச் சாடுகிறது. நான் வர்க்க எதிரியா?" என்று கேட்கிறார்.

கேள்வி நேர்மையானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். நீங்கள் எதிரி அல்ல, தோழரே. ஆனால் உங்கள் முகத்தை முகமூடியாக அணிந்துகொண்டு சிலர் நாட்டின் வாடகைச் சட்டங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதை உங்களுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஞாயிற்றுக்கிழமை நாளேட்டைப் புரட்டினால் ரியல் எஸ்டேட் இணைப்பிதழ் கையில் விழுகிறது. இரண்டாவது வீடு வாங்குங்கள், வாடகையே தவணையைக் கட்டும், தவணை முடிந்தால் ஆயுள் முழுவதும் வருமானம் என்று பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். இந்த உபதேசத்தை வழங்குவோர் கட்டுமான நிறுவனத்தார், கடன் கொடுக்கும் வங்கியார், இவ்விருவரின் விளம்பரத்தில் வாழும் பத்திரிகையார் என மூவர். கணக்கை மட்டும் மூவரும் முழுதாகப் போட்டுக் காட்டுவதில்லை. நாம் போடுவோம்.

நம் வாசகரின் வீட்டு விலை 40 லட்சம். இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வீட்டின் ஆண்டு வாடகை, வீட்டின் விலையில் பொதுவாக 2 முதல் 3 விழுக்காடுதான். மூன்று விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், மாதம் 10,000. குடி மாறும்போது சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 20,000 போயிற்று. தரகருக்கு ஒரு மாத வாடகை 10,000. வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, சொத்து வரி, பூட்டிக் கிடந்த மாதங்களுக்கான பராமரிப்புக் கட்டணம் ஆகியவை சேர்ந்து இன்னும் பத்துப் பன்னிரண்டாயிரம். கையில் நிற்பது ஏறத்தாழ 78,000 ரூபாய்.

மறுபக்கம் 22 லட்சம் ரூபாய்க் கடன். 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 19,800 ரூபாய். முதல் ஆண்டில் வட்டி மட்டுமே ஏறத்தாழ 1,96,000 ரூபாய். அதாவது 78,000 ரூபாய் ஈட்ட, 1,96,000 ரூபாய் வங்கிக்கு வட்டியாகப் போகிறது. மீதியை மகனின் சம்பளம் ஈடுகட்டுகிறது. பெயர்ப்பலகையில் வீட்டுக்காரர் என்று இருக்கிறது. உண்மையில் அவர் செய்வது, குடியிருப்பவரிடமிருந்து வாடகையை வாங்கி, தம் மகனின் உழைப்பையும் அதோடு சேர்த்து, வங்கியில் கொண்டுபோய்ச் செலுத்தும் ஊதியமில்லாத வசூல் வேலை!

அதே 18 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், 8.2 விழுக்காடு வட்டிக்கு ஆண்டுக்கு 1,47,600 ரூபாய் வந்திருக்கும். தரகர் இல்லை, ஒழுகும் குழாய் இல்லை, பூட்டிய வீடு இல்லை. இதை இணைப்பிதழ் சொல்லாது. சொன்னால் வீடு விற்காது; கடனும் விற்காது.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான். ஆக, இது வாடகை முதலீடே அல்ல. விலை மீது வைக்கும் பந்தயம். அந்தப் பந்தயத்திலும் ஆட்ட விதியை மாற்றும் அதிகாரம் சிறு உடைமையாளரிடம் இல்லை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில், சொத்து விற்பனை ஆதாயத்துக்குப் பணவீக்கத்தைக் கழித்துக்கொள்ளும் முறையை ஒன்றிய அரசு ஒரே நாளில் எடுத்தது. நடுத்தர மக்கள் கொதித்தெழுந்த பின்னரே, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்கள் பழைய முறையையும் தேர்ந்தெடுக்கலாம் என்று இறங்கிவந்தது.

வீடு கைக்கு வந்தவர்களாவது இந்தக் கவலைப்படலாம். வராதவர்கள் எத்தனை பேர்! நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் அம்ரபாலி குழுமத்தின் திட்டங்களில் பணம் கட்டிவிட்டுத் தெருவில் நின்றவர்கள் 40,000க்கும் மேற்பட்ட குடும்பத்தினர். 2019 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. கொழுத்த காலத்தில் தனியார் தின்றனர். கெட்ட காலத்தில் பொதுத்துறை தோள் கொடுத்தது. பொதுத்துறை ஆகாது என்று முழங்கும் கனவான்கள் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

ஒரு சொல், மூன்று வர்க்கம்

'வீட்டுக்காரர்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட வர்க்கங்களை அடைத்து வைத்திருப்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

முதல் வகையினர் நம் வாசகரைப் போன்றவர்கள். ஒரு வீடு, மிஞ்சிப்போனால் இரண்டு. அவர்களை வீட்டுக்காரராக்கியது பேராசை அல்ல, ஓய்வூதியத்தின் வறட்சி. 1995 ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இவ்வளவு விலைவாசி உயர்வுக்குப் பிறகும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. 2004 ஜனவரி முதல் பணியில் சேர்ந்த ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் பறிக்கப்பட்டு, அவர்களது முதுமை பங்குச்சந்தையோடு கட்டப்பட்டது. முதுமைக்குச் சோறு போடும் கடமையை அரசு கைகழுவியதால்தான் உழைப்பாளி கடன் வாங்கி வாடகை வீடு தேடுகிறார்.

இரண்டாம் வகையினரைக் காண தில்லிக்கும் குருகிராமுக்கும் இடையிலுள்ள காப்பஸ்ஹேராவுக்குச் செல்ல வேண்டும். உத்யோக் விஹாரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பிகார், உத்தரப் பிரதேச, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் அங்கே வரிசை வரிசையான ஒற்றை அறைகளில் வாழ்கிறார்கள். ஒரே உடைமையாளருக்கு நூற்றுக்கணக்கான அறைகள். பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை. தரைத்தளத்தில் உடைமையாளரின் மளிகைக் கடை. அரிசியையும் பருப்பையும் அங்கேதான் வாங்க வேண்டும், வெளியில் வாங்கினால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்ற எழுதப்படாத சட்டம். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் உடைமையாளர் வைத்ததே விலை. ஆலை முதலாளி கூலியில் சுரண்டியதுபோக மீதியை, வாடகை, மளிகை, மின்சாரம் என்ற மூன்று வாசல்களின் வழியே லாட்ஜ் உடைமையாளர் கறக்கிறார். ஒப்பந்தப் பத்திரம் இல்லை, ரசீது இல்லை. ரசீது இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லாததால் குடும்ப அட்டையோ வாக்குரிமையோ அங்கே எளிதில் கிட்டுவதில்லை.

மூன்றாம் வகையினருக்கு முகமே கிடையாது. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014 இல் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. 2019 இல் எம்பசி ஆஃபீஸ் பார்க்ஸ் முதலாவதாகச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, வணிக வளாகங்களுக்கான நெக்சஸ் செலக்ட் ஆகியவை தொடர்ந்தன. பிளாக்ஸ்டோன் போன்ற உலகப் பெரும் நிதி நிறுவனங்கள் இதன் பின்னே நின்றன. இன்று அவர்கள் வாடகை வாங்குவது அலுவலகக் கட்டடங்களுக்கும் வணிக வளாகங்களுக்கும்தான். குடியிருப்பு வீடுகளை அவர்கள் பெரிதாகத் தொடவில்லை. காரணம் கருணை அல்ல. இரண்டு மூன்று விழுக்காட்டு வாடகை அவர்களது பசிக்குப் போதாது. குடியிருப்போரை விரைவாக வெளியேற்றும் சட்டமும் கையில் இல்லை. அந்தச் சட்டத்தை ஆக்கித் தரத்தான் அரசு முனைகிறது.

மாதிரிச் சட்டம் யாருக்கு மாதிரி?

2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, மாநிலங்கள் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அனுப்பிவைத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்னரே, 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றியிருந்தது.

மாதிரிச் சட்டத்தில் நல்ல கூறுகள் இல்லாமல் இல்லை. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது; பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதே வழக்கமாகிவிட்ட பெங்களூரு போன்ற நகரங்களில் இது பெரிய நிவாரணம். எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்து மிரட்டக்கூடாது என்கிறது. இவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் சட்டத்தின் முதுகெலும்பு வேறு. வாடகை எவ்வளவு என்பது இரு தரப்பும் 'மனமொத்துப்' பேசி முடிப்பதாம்; உச்சவரம்பு இல்லை. விடிந்தால் ஆலை வாசலில் நிற்க வேண்டிய தையல் தொழிலாளியும், முந்நூறு அறைகளின் உடைமையாளரும் சரிநிகர் சமானமாக அமர்ந்து பேரம் பேசுவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நம்புகிறார்களாம்! ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறாவிட்டால் முதல் இரண்டு மாதங்களுக்கு வாடகை இரட்டிப்பு, அதற்குப் பிறகு நான்கு மடங்கு. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு அடைக்கப்பட்டு, வழக்கு துணை ஆட்சியர் நிலை அதிகாரியிடமிருந்து தொடங்குகிறது. தொழிலாளர் தங்கும் லாட்ஜுகளும், நிறுவனங்கள் தம் ஊழியருக்குத் தரும் குடியிருப்புகளும் சட்ட வரம்புக்கு வெளியே நிற்கின்றன. சாதி கேட்டு, மதம் கேட்டு, சமையலறையில் என்ன வேகும் என்று கேட்டு வீடு மறுப்பதைத் தடைசெய்ய ஒரு வரிகூட இல்லை.

கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமல்ல. தில்லி தலைநகர் வட்டாரத்தில் தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு தேடும்போது சந்திக்கும் மறுப்பைச் சுகதேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் கள ஆய்வு செய்து 2015 இல் வெளியிட்டனர். பெயரைக் கேட்டதும் காலியாக இருந்த வீடு நிரம்பிவிடுகிறது. அல்லது வாடகை ஏறிவிடுகிறது. 2025 ஜூலையில் குருகிராமில் வங்காள மொழி பேசிய குற்றத்துக்காகவே தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் அஞ்சி ஊர் திரும்பின. குடியிருப்பவரின் விவரத்தைக் காவல்துறைக்குத் தராத வீட்டுக்காரர் மீது வழக்கு என்ற ஆணைகள் பல நகரங்களில் உள்ளன. வீட்டுக்காரரை ஒற்றராகவும் குடியிருப்பவரைக் குற்றவாளியாகவும் ஆக்கும் ஆட்சி, இருவருக்கும் நண்பனாக இருக்க முடியுமா?

பழைய சட்டத்துக்குப் பூசை செய்ய வேண்டாம்

"இடதுசாரிகள் 1947 ஆம் ஆண்டு வாடகையிலேயே உறைந்து நிற்கிறார்கள், அதனால்தான் யாரும் வாடகைக்கு வீடு கட்டுவதில்லை" என்பது எதிர்த்தரப்பின் நெடுநாள் குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடாது.

1947 ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், ஆலைத் தொழிலாளியைச் சாலைக்கு வராமல் காத்தது. அது போராட்டத்தின் கனி. ஆனால் 1940 இன் வாடகை பல பத்தாண்டுகள் அப்படியே உறைந்து கிடந்ததால், பழுதுபார்க்க உடைமையாளர் பணம் போடவில்லை என்பதும் உண்மை. 2017 ஆகஸ்ட் 31 அன்று மும்பை பெந்தி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டார்கள். 2019 ஜூலையில் டோங்ரியில் மீண்டும் ஒரு கட்டடம், மீண்டும் பிணங்கள். இடிபாட்டில் சிக்கிய உழைப்பாளிக்கு 'நம் வாடகை குறைவு' என்பது ஆறுதலாகாது. உறைந்த வாடகையின் பலனைத் தில்லியில் அனுபவித்தவர்களில் கன்னாட் பிளேஸின் பெருவணிகர்களும் உண்டு. 1995 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தில்லி வாடகைச் சட்டம், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கே வரவில்லை. காப்பஸ்ஹேராவின் தையல் தொழிலாளிக்கோ பழைய சட்டமும் நிழல் தரவில்லை, புதிய சட்டமும் தரப்போவதில்லை. அவரிடம்தான் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லையே.

ஆகவே நம் நிலை, வாடகை என்றென்றும் உறைந்திருக்க வேண்டும் என்பதல்ல. வாடகை உயர்வு நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட வேண்டும்; பழுதுபார்க்கப் பொது நிதி வேண்டும்; காரணமின்றி வெளியேற்றும் உரிமை எவருக்கும் இருக்கக்கூடாது. உறைய வைப்பதற்கும் அவிழ்த்து விடுவதற்கும் இடையே ஒழுங்குபடுத்துவது என்று ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்பு அதை வேண்டுமென்றே மறைக்கிறது.

குற்றச்சாட்டின் மறுபாதி வெறும் பொய். வீடு இல்லாமல் போனதா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 11 லட்சம். மும்பையில் மட்டும் 4.8 லட்சம் வீடுகள் காலியாக இருந்ததை 2017-18 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துக்காட்டியது. அதே காலகட்டத்தில், 2012 இல், அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 87 லட்சத்துக்கும் மேல் என்றது. அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரிய பற்றாக்குறை. பூட்டிய வீடு ஒரு பக்கம், பூட்டக் கதவுகூட இல்லாத குடும்பம் மறுபக்கம். 1872 இல் வீட்டுவசதிப் பிரச்சினை குறித்து எழுதிய எங்கெல்ஸ், பெருநகரங்களில் இருக்கும் வீடுகளையே அறிவுக்கு இசையப் பயன்படுத்தினால் கொடிய பற்றாக்குறையை உடனே தணிக்கலாம் என்று வாதிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நம் நகரங்கள் அதற்குச் சான்று கூறுகின்றன.

பூட்டி வைப்பதற்கு அரசு அபராதம் விதிக்கிறதா? இல்லை, பரிசு தருகிறது! முன்பு இரண்டாவது வீடு காலியாக இருந்தாலும், வாடகை வந்ததாகக் கருதி வருமான வரி விதிக்கப்பட்டது. 2019 முதல் இரண்டு வீடுகள் வரை அந்த வரி இல்லை. கட்டுமான நிறுவனத்தார் விற்காமல் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓராண்டாக இருந்த விலக்கு, அதே ஆண்டில் இரண்டு ஆண்டாக்கப்பட்டது. செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. மாறாக, புதிய வருமான வரி முறையில், வாடகை கொடுத்து வாழும் ஊழியருக்கு வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டவரோ கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். யாருக்காக ஆட்சி நடக்கிறது என்பதை அறிய வரிச் சட்டத்தைவிடத் தெளிவான கண்ணாடி வேறில்லை.

பெருந்தொற்று கற்பித்த பாடம்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சுகளோடு மனித வெள்ளம். பசி அவர்களை விரட்டியது என்று எழுதினார்கள், பாதி உண்மை. பசியோடு சேர்ந்து விரட்டியது அடுத்த மாத வாடகை. மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், ஒரு மாதத்துக்குத் தொழிலாளரிடம் வாடகை கேட்கக்கூடாது, வெளியேற்றக்கூடாது என்று ஆணையிட்டது. வாடகைப் பணத்துக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அதே நாளில், ஏழை வாடகைதாரர் கொடுக்க இயலாவிட்டால் அரசே கொடுக்கும் என்று தில்லி முதலமைச்சர் வாக்களித்தார். கொடுக்கவில்லை. நீதிமன்றம் சென்றபோது, 2021 ஜூலையில் ஒரு நீதிபதி அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்றார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இதில் இழந்தவர் தொழிலாளி மட்டுமல்ல. அந்த ஒற்றை வாடகையை நம்பி மருந்து வாங்கிய முதியவரும் இழந்தார். அரசு தன் கடமையை ஓர் ஆணையின் வழியே அவர் தோளில் இறக்கிவைத்துவிட்டு நகர்ந்தது. தொழிலாளியின் வாடகையை அரசு செலுத்தியிருந்தால் இருவருமே தப்பியிருப்பார்கள். வங்கிக்கோ, தவணை தள்ளிவைக்கப்பட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சிறு வீட்டுக்காரரின் நலனும் வாடகைதாரரின் நலனும் எந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன என்பதைப் பெருந்தொற்று காட்டிவிட்டது.

அந்த அவமானத்துக்குப் பின் 2020 ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம் வந்தது. பழைய திட்டங்களில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த 80,000க்கும் மேற்பட்ட அரசு வீடுகளைத் தனியாரிடம் 25 ஆண்டுகளுக்கு ஒப்படைத்துத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவார்களாம். முதல் சில ஆண்டுகளில் அப்படி மாற்றப்பட்டவை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. லாபம் குறைவு என்றால் தனியார் வரமாட்டார்கள் என்ற எளிய உண்மை அமைச்சகத்துக்கு மட்டும் தெரியவில்லை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை, தொழிற்சாலைத் தொழிலாளருக்கு டார்மிட்டரி வகை வாடகைக் குடியிருப்பு என்று அறிவித்தது. அதுவும் தனியார் கூட்டில். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து படுத்தெழ ஒரு கட்டில்! வேலை போனால் கட்டிலும் போகும். வேலைநிறுத்தம் என்றாலே கட்டில் நினைவுக்கு வரும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 'அப்னா கர்' என்ற பெயரில் 640 புலம்பெயர் தொழிலாளர் தங்கும் வளாகத்தைப் பொதுப் பணத்தில் கட்டி 2019 இல் திறந்தது. சோலாப்பூரில் பீடித் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் கூட்டுறவாய்த் திரண்டு முதலில் 10,000 வீடுகளைப் போராடிப் பெற்றார்கள்; ராய்நகரில் 30,000 வீடுகளுக்கான திட்டத்தில் 15,000 வீடுகள் 2024 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டன. வியன்னா நகராட்சி 1920களில் தொடங்கிக் கட்டிய பொது வாடகைக் குடியிருப்புகளில் இன்றும் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். பெர்லின் மக்கள் 2021 செப்டம்பரில், 3,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கும் பெரும் நிறுவனங்களின் வீடுகளைச் சமூக உடைமையாக்க வேண்டும் என்று பெரும்பான்மை வாக்களித்தார்கள். அவர்கள் ஒரு வீடு வைத்திருக்கும் மூதாட்டியைக் குறிவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாம் கோருவது

ஒன்று: குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாயாக உயர வேண்டும், பழைய ஓய்வூதியத் திட்டம் மீள வேண்டும். முதுமை, வாடகையை நம்பி நிற்கக்கூடாது.

இரண்டு: காலி வீடுகளுக்கு, உடைமையின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும் வரி வேண்டும். கட்டுமான நிறுவனங்களின் விற்காத வீடுகளுக்கான சலுகை ஒழிய வேண்டும்.

மூன்று: எழுத்துமூல ஒப்பந்தம், மாதாந்திர ரசீது, இரண்டு மாத முன்பண வரம்பு, விலைக் குறியீட்டோடு இணைந்த வாடகை உயர்வு ஆகியவை லாட்ஜ் அறைக்கும் பொருந்த வேண்டும். குடியிருப்பவர் பெயரிலேயே மின்அளவி வேண்டும்.

நான்கு: ஓரிரு வீடு மட்டும் உள்ளவர் தாம் குடியிருக்க வீட்டைத் திரும்பக் கேட்டால், நீதித்துறையின் கீழ் விரைந்து முடிக்கும் தீர்ப்பாயம் வேண்டும். நூறு அறை வைத்திருப்பவருக்கும் நிதி நிறுவனத்துக்கும் அச்சலுகை கூடாது.

ஐந்து: சாதி, மதம், மொழி, உணவு, மண நிலை பார்த்து வீடு மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

ஆறு: தொழிற்பேட்டை தோறும் பொதுத்துறை வாடகைக் குடியிருப்பு, அதற்கு ஆலை முதலாளிகள் மீது தனித் தீர்வை. ஒப்பந்ததாரர் தகுந்த இருப்பிடம் தர வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டு மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது ஏட்டளவிலேயே கிடந்தது. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தையே விழுங்கியது. அந்தக் கடமை உயிர்பெற வேண்டும்.

ஃபரிதாபாத் தோழருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுக்கு அடுத்து வரும் குடும்பத்திடம் சாதி கேட்காதீர்கள். இரண்டு மாத முன்பணத்துக்கு மேல் வாங்காதீர்கள். ஒப்பந்தம் எழுதுங்கள், மாதந்தோறும் ரசீது கொடுங்கள். அந்த ரசீது அவர்களது குடும்ப அட்டைக்குச் சான்றாகும். நாளை வாடகை பாக்கி என்று வழக்கு வந்தால் உங்களுக்கும் அதுவே சான்று. அந்த வீட்டில் குடியேறுபவர், 31 ஆண்டுகளுக்கு முன் ரயிலிலிருந்து இறங்கி ஒற்றை அறை தேடி அலைந்த உங்களைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். உங்களிடமிருந்து வட்டியையும் அவரிடமிருந்து வாடகையையும் கறப்பவன் ஒருவனே. ஓய்வூதியர் சங்கத்தின் அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நீங்கள் வரும்போது, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.